பழுதுக்கான ரசீது

வால்பராய்சோவில், மலையேறும் பெட்டிவண்டி நின்று
பெருமூச்சு விடும் இடத்துக்கு இரண்டு வீடு தள்ளி
தகரச் சுவருக்குள் என் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது.
மாடியில் எடுவிஹெஸ் ரொட்டி மாவை அடிக்கத் தொடங்கினால் மணி ஐந்து.
கீழே நான் ஈயம் உருக்குவேன்.

செய்வது ஒரே ஒரு வாத்தியம்.
லெங்கா மரப்பெட்டி, பதினேழு பித்தளைக் கட்டைகள்,
ஓரத்தில் ஒரு குமிழ்.
தொட்டால் முனகும். அழுத்தினால் குரல் தடிக்கும்.
ஒன்றுக்குப் பதினோரு நாள்.
விலை கேட்டு உள்ளூர்க்காரர் சிரிக்கிறார்,
வெளிநாட்டுக்காரர் இவ்வளவுதானா என்கிறார்.
மரத்துக்கு, மின்கலத்துக்கு, கப்பலுக்கு, வரிக்கு
என்று எழுதிக்கொண்டே வந்தால்
கடைசி வரியில் என் கூலி
உட்கார இடமில்லாமல் நிற்கிறது.

உள்ளே இரண்டு சில்லுகள். அவற்றைச் செய்த ஆலை
நிறுத்திவிட்டது. மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு,
பிஸ்கட் டப்பாவில்.
நூற்றாறு வாத்தியம். அதற்கப்புறம் தெரியாது.
குலுக்கிப் பார்த்தால்
என் எதிர்காலம் சலசலவென்று கேட்கும்.

மார்ச்சில் நாற்பத்தொன்றாம் எண் திரும்பி வந்தது,
ஃபின்லாந்தின் ஓவுலுவிலிருந்து. ஆத்து கெம்பி என்பவருடையது.
குமிழைத் திருகினால் கரகரக்கிறதாம், அவ்வளவுதான்.
குமிழை மாற்றினேன்.
திறந்தது திறந்தாகிவிட்டதே என்று
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்ததில்
ஐந்தாம் கட்டையின் கீழே ஓர் இணைப்பு,
சாம்பல் நிறத்தில், பொரிந்து, செத்த மீன் கண்ணாக.
நான் வைத்ததுதான். நாலு வருஷத்துக்கு முன்.
யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் காது சூடாயிற்று.
இரும்பை வைத்து ஒரு தொடல். பளபளத்தது.
காசு வாங்காமல் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம்.
"குமிழ் நன்றாக இருக்கிறது. நன்றி.
ஐந்தாம் கட்டை பேசுமுன் ஒரு தரம் இருமுமே,
அந்த இருமல் எங்கே?
அதற்காகக் காத்திருந்துதான்
நான் பாட்டை எடுப்பேன்."
பின்னாலேயே பெட்டியும் வந்து சேர்ந்தது.

முதலில் சிரித்தேன். பிறகு கோபம்.
பிறகு உட்கார்ந்தேன்.

கெட்ட இணைப்பு வைப்பது
இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொன்னதில்லை.
சூட்டைக் குறைத்தேன், கட்டை ஊமையானது.
கூட்டினேன், கணீரென்று பேசியது.
ஈயம் ஆறும் நொடியில் விரலால் அசைத்தேன்,
அசைக்கத் தெரியாத பொய்யாக இருந்தது அசைவு.
இரண்டு நாள். இருபத்துமூன்று தடவை.
ஒரு தடவை தும்மியது. இருமல் இல்லை.

மூன்றாம் நாள் மாலை இரும்பை எடுத்த நொடி
மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்தது,
ஒலியை அணைத்து வைத்திருந்தேன், வங்கி.
பலகை நடுங்கியது, அதன்மேல் சட்டம்,
சட்டத்தின்மேல் இன்னும் ஆறாத ஒரு துளி.
போனை எடுக்கவில்லை.
கட்டையைத் தொட்டேன்.

இருமிற்று.

பதிவுசெய்து அனுப்பினேன்.
"அதேதான்" என்று ஒரே சொல்லில் பதில்.
நாற்பத்தொன்றைச் செய்த வாரமும்
தவணை தவறியிருந்தது, இப்போது நினைவுக்கு வருகிறது.

ரசீதை என்னவென்று போடுவது?
'பழுது, ஒன்று, கைவேலை' என்று எழுதி
மூன்று நாள் கூலி போட்டேன், முதல் தடவையாக, முழுசாக.
ஆத்து மறுநாளே கட்டிவிட்டார்.

சுங்கத்தில் ரிக்கெல்மே அம்மாள்
கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி
தாளை இரண்டு தரம் படித்தாள்.
"பழுது பார்த்ததா, பழுது வைத்ததா?"
வைத்தது என்றேன்.
அதற்குக் கட்டமில்லை என்றாள்.
பிறகு 'மற்றவை' என்பதில் முத்திரை குத்தி
"தள்ளு" என்றாள்,
எனக்குப் பின்னால் ஒருவர்
கண்ணாடிப் பெட்டியில் நண்டுகளோடு நின்றிருந்தார்.